தாமார் என்று தொடங்கும் வரி

சண்டஸ்கி, ஒஹையோ
1959 பிப்ரவரி 3

மெரிடன் ஃபெரி டார்ப்லி குடும்பத்தாருக்கு,

என்னை உங்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. முப்பத்தொரு வருடம் இந்த ஊரில் மருந்துக்கடை வைத்திருந்தேன். போன வருடம் அதை மருமகனிடம் விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். பழைய நோட்டு சேர்ப்பது என் பித்து. அரசாங்கம் அடித்த நோட்டு அல்ல. உள்நாட்டுப் போருக்கு முன்பு ஊருக்கு ஊர் வங்கி திறந்து, ஒவ்வொரு வங்கியும் தன் இஷ்டத்துக்கு அடித்துவிட்ட நோட்டுகள். பாதி வங்கிகள் நாலைந்து வருடத்தில் கவிழ்ந்தன. நோட்டுகளைக் கிழித்துச் சுவர் ஓட்டையை அடைத்தார்கள். தப்பிப் பிழைத்தவைதான் எனக்குப் பொக்கிஷம். "செல்லாத காசுக்கு நல்ல காசக் கொடுக்கிற ஒரே ஆளு நீங்கதான்" என்பாள் என் மனைவி ஹாரியட்.

போன மாதம் சின்சினாட்டியில் ஒரு பழைய பைபிளுக்குள்ளிருந்து உங்கள் ஊர் நோட்டு ஒன்று கிடைத்தது. மெரிடன் ஃபெரி விவசாயிகள் வங்கி, ஐம்பது டாலர், 1857. இதற்கு இரண்டாவது பிரதி இருப்பதாக எந்தச் சேகரிப்பாளரும் சொல்லவில்லை. காசாளர் லூஷியஸ் டார்ப்லி கையெழுத்திட்டிருக்கிறார். உங்கள் கொள்ளுத்தாத்தாவாக இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் போலி நோட்டுகள் ஏராளம். அவர் கைப்பட எழுதிய கடிதமோ பத்திரமோ உங்களிடம் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும். பார்த்ததும் திருப்பி அனுப்பிவிடுவேன்.

நோட்டில் ஒரே ஒரு குறை. வெறுமையாக இருக்க வேண்டிய பின்பக்கத்தில் யாரோ மையால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறார்கள். "தாமார்" என்று தொடங்குகிறது. பணக்கட்டின் மேல்நோட்டில், இது எதற்கு வந்த பணம் என்று குறித்து வைப்பது அப்போது வழக்கம். ஏதாவது குதிரையின் பெயராக இருக்கும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
வென்டல் ஆஸ்குட்


மெரிடன் ஃபெரி, ஜார்ஜியா
1959 மார்ச் 27, பெரிய வெள்ளி

திரு. ஆஸ்குட் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. தாமதத்துக்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நான் வாக்காளர் பட்டியலில் பெயர் கொடுக்கப் போயிருந்தேன். கறுப்பர்கள் அதைச் செய்தால் இங்கே வீட்டுக்குத் தீ வைப்பார்கள். அதன்பிறகு எங்கள் குடும்பத்தைப் பற்றி முன்பின் தெரியாத ஒருவர் விசாரித்து எழுதினால், அதை நம்பிப் பதில் எழுதும் துணிச்சல் எனக்கு வரவில்லை. உங்கள் கடிதத்தை அலமாரியில் தட்டுகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். தினமும் தட்டு எடுக்கும்போது அது அங்கே இருந்தது.

நீங்கள் தேடும் டார்ப்லிகள் 1911-இலேயே நிலத்தை விற்றுவிட்டு அட்லாண்டாவுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பெயருக்கு வருவதையெல்லாம் தபால்காரர் எங்கள் பெட்டியில் போடுகிறார். நாங்களும் டார்ப்லிதான். எங்களுக்கு அந்தப் பெயர் வந்தது, அவர்கள் எங்களை அடிமைகளாக வைத்திருந்ததால். லூஷியஸ் டார்ப்லி என் கொள்ளுத்தாத்தா இல்லை. அவர் கையெழுத்து எங்கள் வீட்டில் எந்தத் தாளிலும் இல்லை.

தாமார் குதிரை இல்லை. தாமார் என் அப்பாவின் அப்பாவைப் பெற்றவள்.

அவளுடைய மகன் பெயர் ஜூபல். ஆறு வயதில் ஒருநாள் காலை, எசமானியம்மா அவன் கையில் வாளியைக் கொடுத்து ஊற்றுக்கு அனுப்பினாள். அவன் தண்ணீரோடு திரும்பியபோது தாய் இல்லை. விற்றுவிட்டார்கள். யாருக்கு, எந்தப் பக்கம் என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை. விடுதலை வந்தபிறகு அவர் மேக்கன் வரை நடந்தார், பிறகு மான்ட்கோமரி வரை நடந்தார். எழுபது வயதில் சாகும்போதும் அவருக்குத் தெரியாது.

அந்த வரியில் "தாமார்" என்ற சொல்லுக்குப் பிறகு என்ன எழுதியிருக்கிறது? அது மட்டும் போதும். எழுத்து மாறாமல் அப்படியே எழுதி அனுப்புங்கள்.

செலஸ்டீன் டார்ப்லி


சண்டஸ்கி
1959 ஏப்ரல் 2

அன்புள்ள திருமதி டார்ப்லி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். குதிரை என்று எழுதியதற்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. ஹாரியட்டிடம் காட்டினேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

பின்பக்க வரி அத்தனை தெளிவாக இல்லை. நூறு வருடத்துப் பழைய மை. இதோடு நோட்டின் புகைப்படம் ஒன்று வைத்திருக்கிறேன். நல்ல வேலைப்பாடு, நியூயார்க்கில் செதுக்கியது. உங்கள் தந்தையார் இருந்தால் அவருக்கும் காட்டுங்கள்.

என்றும் மரியாதையுடன்,
வெ. ஆஸ்குட்


மெரிடன் ஃபெரி
1959 ஏப்ரல் 9

திரு. ஆஸ்குட் அவர்களுக்கு,

எனக்குத் திருமணம் ஆகவில்லை. செல்வி என்று எழுதுங்கள். இந்த ஊர் வெள்ளைக்காரர்கள் அதையும் எழுதமாட்டார்கள் என்பதால் உங்கள் தவறை நான் பெரிதுபடுத்தவில்லை.

நான் கேட்டது பின்பக்கம். நீங்கள் அனுப்பியது முன்பக்கம்.

என் அப்பா ஐசம் இருக்கிறார். எண்பத்தாறு வயது. கண் போய் ஒன்பது வருடமாகிறது. அவரிடம் சொல்லாமல் வைத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உறை கிழிக்கும் சத்தம் கேட்டு, "யாரும்மா எழுதியிருக்கா?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். கையிலிருந்த சோள ரொட்டியைக் கீழே வைத்தார்.

"நோட்டுல படம் இருக்கா செலி?"

"இருக்குப்பா. தலையில பருத்திக் கூடையோட ஒரு பொம்பள."

"எப்படி இருக்கா?"

"அது தாமார் இல்லப்பா. அச்சடிக்கிறவன் எல்லா வங்கிக்கும் இதே மாதிரி ஒரு படம் போடுவான்."

"யாரயாச்சும் பாத்துத்தானே வரஞ்சிருப்பான். நீ சொல்லு, எப்படி இருக்கா?"

சிரிக்கிறாள் என்று சொன்னேன். திரு. ஆஸ்குட், நான் பன்னிரண்டு வயது வரை பருத்தி எடுத்தவள். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு அப்படி ஒருத்தி சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா அந்தப் புகைப்படத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். இப்போது சாயங்காலமானால் வாசல் நாற்காலியில் உட்கார்ந்து, சாலையில் நடந்து போகிறவர்களை நிறுத்தி, படத்தை எடுத்துக் காட்டுகிறார். அவர் எப்போதும் தலைகீழாகத்தான் பிடிக்கிறார். பார்க்கிறவர்கள் மரியாதைக்காகத் தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

அந்த வரியில் ஊர் பெயர் ஏதாவது இருக்கிறதா? தெளிவில்லாவிட்டாலும் பரவாயில்லை. தெரிகிற எழுத்தை மட்டும் எழுதுங்கள். மீதியை நாங்கள் கண்டுபிடித்துக்கொள்வோம்.

செலஸ்டீன் டார்ப்லி


சண்டஸ்கி
1959 ஏப்ரல் 18

அன்புள்ள செல்வி டார்ப்லி,

நோட்டு இப்போது என்னிடம் இல்லை. கொலம்பஸில் எங்கள் சேகரிப்பாளர் சங்கத்தின் கண்காட்சிக்குப் போயிருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் இருப்பதால் பின்பக்கத்தைப் பார்க்க முடியாது. திரும்பி வந்ததும் எழுதுகிறேன். உங்கள் தந்தையாருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

வெ. ஆஸ்குட்


மெரிடன் ஃபெரி
1959 ஏப்ரல் 23

திரு. ஆஸ்குட் அவர்களுக்கு,

முப்பத்தொரு வருடம் டாக்டர்களின் கிறுக்கலைப் படித்து மருந்து கொடுத்தவருக்கு, தன் கையில் இருந்த ஒரு வரியைப் படிக்க முடியவில்லையா? படித்திருந்தால், அதை நினைவில் வைத்திருக்க முடியவில்லையா?

நான் பள்ளிக்கூடத்து ஆசிரியை. பொய் சொல்லும் பிள்ளை எப்படி எழுதும் என்று எனக்குத் தெரியும். சுருக்கமாக எழுதும்.

செ. டார்ப்லி


சண்டஸ்கி
1959 மே 2

செல்வி டார்ப்லி,

நோட்டு கொலம்பஸுக்குப் போகவே இல்லை. என் மேசை மேல்தான் இருக்கிறது. அந்த வரி அதில் இல்லை. நான் கழுவிவிட்டேன்.

எப்படி என்று முழுவதும் எழுதுகிறேன். எழுதாமல் விட்டால் இன்னொரு பொய் ஆகிவிடும். எங்கள் ஆட்கள் நடுவே, பின்பக்கம் எழுத்திருக்கும் நோட்டுக்கு மதிப்புக் குறைவு. கண்காட்சிக்குச் சுத்தமான நோட்டாகக் கொண்டுபோக ஆசைப்பட்டேன். ஈஸ்டர் ஞாயிறு ஹாரியட் தேவாலயத்துக்குப் போயிருந்தாள். துணியில் துருக்கறை எடுக்க நான் கடையில் விற்ற அதே உப்பைக் கண்ணாடித் தட்டில் கரைத்து, நோட்டைக் குப்புறப் போட்டேன். அந்த மையில் இரும்பு உண்டு; இந்த உப்புக்கு அது நிற்காது. பத்தே நிமிடம். எனக்குத் தெரிந்த வேலை. நன்றாகவே செய்தேன். தட்டிலிருந்த தண்ணீர் வெளிர் தேநீர் நிறமானது. அதைத் தொட்டியில் ஊற்றினேன். ஒற்றி எடுத்த தாள்களை அடுப்பில் போட்டேன்.

வரியின் கடைசியில் மை தடிப்பாக இருந்தது. அது மட்டும் போகவில்லை. பஞ்சு எடுத்துத் தேய்த்தேன். அங்கேதான் ஒரு ஆளின் பெயரும் ஒரு ஊரின் பெயரும் இருந்தன. இருந்தன என்பது தெரியும், ஏனென்றால் நடுவே ஒரு காற்புள்ளி இருந்தது. காற்புள்ளி எனக்கு நினைவிருக்கிறது. ஊர் நினைவில்லை. நான் அதைப் படிக்கவே இல்லை. கறையைப் பார்ப்பது போலத்தான் அதைப் பார்த்தேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு நாள்.

அன்றிலிருந்து நான் அந்தத் தொட்டியில் கை கழுவுவதில்லை. நோட்டை மல்லாத்தி வைத்தால் படத்திலிருக்கும் பெண் என்னைப் பார்க்கிறாள். குப்புற வைத்தால் வெறும் தாள் என்னைப் பார்க்கிறது. மேலே ஒரு கைக்குட்டையைப் போட்டு மூடினேன். காலைச் சாப்பாட்டின்போது ஹாரியட் கேட்டாள்:

"யாரோ செத்துப்போன மாதிரி எதுக்கு அத மூடி வச்சிருக்கீங்க?"

நான் கழுவியதைச் சொன்னேன். முட்டையைப் பாதி சாப்பிட்டிருந்தாள். மீதியைச் சாப்பிடவில்லை.

"அந்தம்மாவுக்கு எழுதினீங்களா?"

"எழுதிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"என்னத்த எழுதிக்கிட்டு இருக்கீங்க?"

தெருவில் அஞ்சல்காரர் வரும்போது, நாற்பது வருடமாக நான் போய்க்கொண்டிருக்கும் என் வீட்டு வாசலுக்குப் போகவே பயமாக இருக்கிறது. நூறு வருடம் ஒரு பைபிளுக்குள் பத்திரமாக இருந்த பெயர். என் கையில் ஒன்பது வாரம்கூட இருக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன்.

வென்டல் ஆஸ்குட்


மெரிடன் ஃபெரி
1959 மே 11

திரு. ஆஸ்குட் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைப் பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளையில் பிரித்தேன். வாசித்து முடித்தபின் பிள்ளைகளைச் சத்தம் போடாமல் பூகோளப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். அவர்கள் எடுத்தார்கள். என்ன பாடம் நடத்தினேன் என்று கேட்காதீர்கள்.

உங்களைத் திட்டி நாலு பக்கம் எழுதினேன். அதில் ஒரு இடத்தில், "கொஞ்சம் பொறுத்திருந்தால் என்ன" என்று எழுதியபோது பேனா நின்றுவிட்டது. நீங்கள் பொறுத்துத்தான் இருந்தீர்கள். ஏழு வாரம். உங்கள் கடிதம் என் தட்டுகளுக்கு அடியில் இருந்தது. வந்த வாரமே நான் நாலு வார்த்தை எழுதிப் போட்டிருந்தால் அந்த ஈஸ்டருக்கு நீங்கள் அதைத் தொட்டிருக்கமாட்டீர்கள். அந்த நாலு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

அதனால் உங்கள் பாரம் குறைந்துவிட்டதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். கழுவியதை நான் ஒருவேளை புரிந்துகொள்வேன். கழுவியபிறகு எனக்கு ஒரு படத்தை அனுப்பி, "நல்ல வேலைப்பாடு" என்று எழுதினீர்களே, அதைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

இப்போது நான் சொல்வதைச் செய்யுங்கள். அந்தத் தாளை இனி நீங்கள் தொடாதீர்கள். அழித்த எழுத்தைப் பார்க்கத் தெரிந்தவர்கள் இருப்பார்கள். காசோலையைத் திருத்தி ஏமாற்றுகிறவர்களை நீதிமன்றத்தில் எப்படிப் பிடிக்கிறார்கள்? அப்படி ஒருவரைக் கண்டுபிடியுங்கள். எத்தனை தூரமானாலும் போங்கள்.

அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. "ஒஹையோக்காரன் என்ன எழுதினான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். பூதக்கண்ணாடி வாங்கப் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

செ. டார்ப்லி


சண்டஸ்கி
1959 ஜூன் 8

அன்புள்ள செல்வி டார்ப்லி,

டொலிடோவில் ப்ரூக்னர் என்று ஒரு ஆள் இருக்கிறார். நீதிமன்றங்களுக்காகப் போலிக் காசோலை பார்ப்பவர். அவர் வீட்டு நிலவறையில் புற ஊதாக் கதிர் விளக்கு இருக்கிறது. பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"யாரு இத அழிச்சது?"

"நான்தான்."

"என்ன தொழில்?"

"மருந்துக்கடை வச்சிருந்தேன்."

"கைத்தொழில் தெரிஞ்சவன் வேலைன்னு பாத்ததுமே தெரியுது. கத்துக்குட்டியா இருந்திருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்."

விளக்கைப் போட்டார். அறை முழுக்க இருட்டு. தாள் மட்டும் நீலமாக ஒளிர்ந்தது. முதலில் ஒன்றும் இல்லை. அவர் தாளைக் கொஞ்சம் சாய்த்தார். இரும்பு ஊறிய இடங்கள் மங்கலான பழுப்பாக எழுந்து வந்தன. கிணற்றடியிலிருந்து மேலே வருவது போல, ஒவ்வொரு எழுத்தாக வந்தது. அவர் சத்தமாக வாசித்தார். அந்தப் பெயரை ஒரு ஆள் வாய்விட்டுச் சொல்லி அன்றுதான் நான் கேட்டேன்.

அவர் மூன்று முறை புகைப்படம் எடுத்தார். நான் எழுத்துக்கு எழுத்து கீழே தருகிறேன். எனக்குத் தோன்றியது எதையும் சேர்க்கவில்லை:

தாமார், வயிற்றுப் பிள்ளையோடு, சேர்த்து விலை,

அதன்பிறகு நான் பஞ்சால் தேய்த்த இடம். அங்கே தாளின் இழையே கிளம்பிவிட்டது. விளக்கில் அந்த இடம் சுத்தமாக, வெள்ளையாகத் தெரிகிறது. ப்ரூக்னர் இரண்டு மணி நேரம் முயன்றார். காற்புள்ளி மட்டும் கிடைத்தது. வாங்கியவன் பெயர் இல்லை. ஊர் இல்லை. உலகத்தில் வேறு எவராலும் இனி முடியாது என்று எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். அதையும் வைத்திருக்கிறேன்.

நோட்டைப் பதிவுத் தபாலில் உங்களுக்கே அனுப்புகிறேன். அது உங்களுடையது. நேரில் வந்து உங்கள் தந்தையாரிடம் நானே நடந்ததைச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் அனுமதித்தால் மட்டும்.

வென்டல் ஆஸ்குட்


மெரிடன் ஃபெரி
1959 ஜூன் 29

திரு. ஆஸ்குட் அவர்களுக்கு,

நோட்டு வந்து சேர்ந்தது. நீங்கள் வரவேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அதை அப்பா கையில் கொடுத்தேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துக்கொண்டார். "இத்துனூண்டு தாளா?" என்றார். பெயர் எங்கே இருக்கிறது என்று கேட்டார். அவர் விரலை எடுத்து அந்த இடத்தில் வைத்தேன். தடவிப் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. அவர் குருடர், எழுத்து இருந்திருந்தாலும் தட்டுப்பட்டிருக்காது. அந்த ஒரு விஷயத்துக்காக அன்று நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். பிறகு அந்த வரியை வாசித்தேன்.

"திருப்பிப் படி."

திருப்பிப் படித்தேன்.

"வயித்துப் புள்ளயோடவா?"

"ஆமாப்பா."

கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பிறகு, திரு. ஆஸ்குட், அவர் சிரித்தார். என் அம்மா போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அப்போ அவ ஒத்தையாப் போகல! எங்கப்பா பாவம், சாகிற வரைக்கும் ஒத்தையாப் போனான்னுல்ல அழுதுச்சு. அவருக்குத் தெரியாமப் போச்சே. ஆறு வயசுப் புள்ளைக்கு யாரு சொல்லுவா இத? எனக்கு ஒரு அத்தை இருந்திருக்கு செலி!"

"சித்தப்பாவா இருக்கக்கூடாதாப்பா?"

"அத்தைதான். பொண்ணுதான் தாயோட கடைசிவரைக்கும் இருக்கும். உன்னையப் பாரு."

நூறு வருடம் முன்பு எங்கோ பிறந்த ஒரு குழந்தைக்கு இந்த வீட்டில் அன்று மதியம் சர்க்கரைவள்ளிக் கிழங்கு வேகவைத்துக் கொண்டாடினோம். அத்தை எப்படி நடந்திருக்கும், யார் மாதிரி பேசியிருக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபின் கேட்டார்:

"எந்த ஊருன்னு போட்டிருக்கு?"

"போடலப்பா. அவ்வளவுதான் எழுதியிருக்கு."

"விலைய எழுதத் தெரிஞ்சவனுக்கு ஊரை எழுதத் தெரியலயா? சோம்பேறிப் பய."

நான் உங்களைக் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. அந்த ஊர் இந்த வருடம் ஈஸ்டர் காலை வரை அங்கே இருந்தது என்பதை அவர் அறிந்து சாகக்கூடாது. நீங்கள் வந்தால் உங்கள் மனது லேசாகும். அவருடைய மனது உடையும். அதனால்தான் வரவேண்டாம் என்கிறேன். இது உங்களுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்ததாக இருக்கட்டும். ஒஹையோவில் நீங்கள் சுமந்துகொள்ளுங்கள், இங்கே நான் சுமக்கிறேன்.

என் பங்கு எப்படிப்பட்டது என்றும் உங்களுக்குத் தெரிய வேண்டும். அப்பாவுக்கு இந்த வசந்தத்திலிருந்து மறதி கூடிவிட்டது. பழையது எல்லாம் நினைவிருக்கிறது. நேற்று நடந்தது நிற்பதில்லை. அன்று சாப்பிட்டுத் தூங்கி எழுந்தவர், மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டார். "ஒஹையோக்காரன்கிட்டேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா?" என்றார். விளையாட்டு என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. நோட்டை எடுத்து வந்து அவர் விரலை அந்த இடத்தில் வைத்து மறுபடி வாசித்தேன். மறுபடி அழுதார். மறுபடி சிரித்தார். "அப்போ அவ ஒத்தையாப் போகல" என்றார், முதல் தடவை போலவே.

இன்றோடு பத்து நாள் ஆகிறது. பத்து நாளும் காலையில் எழுந்ததும் இது நடக்கிறது. பத்து நாளும் அவருக்கு அத்தை பிறக்கிறாள். நானும் உடன் சிரிக்கிறேன். அதில் பொய் இல்லை. பிறகு அவர் முகத்தை என் பக்கம் திருப்புகிறார். என்ன கேட்கப்போகிறார் என்று எனக்குத் தெரியும். நான் அந்த வெள்ளை இடத்தைப் பார்த்தபடி நிற்கிறேன்.

இன்று காலையும் கேட்டார்.

செலஸ்டீன் டார்ப்லி